வேட்டை நாய்களைச் சோற்றுக்குக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

வட்டகொடை,
இலங்கை,
23.2.1956, வியாழக்கிழமை.

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அப்பா செல்லசாமி எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தம்பி சோலைமலையும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். துறையூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சம்பந்தி அம்மாளும் அதுபோலவே இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். உடம்புக்கு என்றுதான் சொன்னேன் தாயி, மனசு ஐந்து நாளாகச் சரியில்லை. எழுத்து ஸ்டேஷன் பக்கத்துக் கடை மஃறூப் நானாவுடையது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார், ஒரு சொல் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்புகிற ஆள் யாராவது, செல்லசாமி தோட்டத்துத் துரையின் வேட்டையைக் கெடுத்து மகன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று உன்னிடம் சொல்லுமுன் இதை என் வாயால் நீ கேட்க வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குத் தம்பியை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டு கொடுப்பார்கள் என்றுதான் பேச்சு. லயத்து வரிசையில் நாங்கள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பரா அவன் பேரில் இருப்பதால் அவனுக்குச் சீட்டு கிழிந்தால் எங்கள் மூன்று பேருக்கும் கூரை போய்விடும். அவன் செய்யாத காரியத்துக்கு இது. செய்தது நான்.

போன ஞாயிறு பகல், லயத்துக்குக் கீழே ஆறு பாறைக்குழியில் விழுகிற இடத்தில் நான் மாட்டுக்குப் புல் அலசிக்கொண்டிருந்தேன், உன் அம்மா வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே காட்டுக்குள் நாய்ச் சத்தம் கேட்டது. நாய்க்கூண்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவனுக்கு நாயைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் வந்தது நீ கஞ்சி ஊற்றி வளர்த்த காது கிழிந்த ரூபி. இப்போது அவள்தான் தலைவி, அவள் திரும்புகிற பக்கம் மற்றப் பதினொன்றும் திரும்பும். மரையை, அந்தப் பெரிய காட்டு மானை, விரட்டுகிறார்கள் என்று தெரிந்தது. நாய்களோடு ஓடுவது தம்பியின் வேலை, பின்னால் கத்தியோடு வருவது துரை. உன் அம்மாவிடம் சொல்லி வாய் மூடவில்லை, தேயிலைக்கு மேலாகத் தாவித் தாவி அது வந்துவிட்டது. பெட்டை. நம் பசு உயரம், கரும்பழுப்பு நிறம், வாயெல்லாம் நுரை. எங்களைக் கண்டும் ஒதுங்கவில்லை. நேரே குழிக்குள் இறங்கி, கழுத்து வரை முங்கி, பாறையோடு ஒட்டி நின்றுகொண்டது. இறங்கும்போது பார்த்தேன், மடி கனத்திருந்தது, காம்பில் பால் சொட்டியது.

இந்த இடத்தில் உன் அம்மாவிடம்கூட நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டாம் வருஷம் புரட்டாசி இரண்டாம் சனிக்கு மறுநாள், இப்படிப் பால் மடியோடு ஒன்றை நான் ஓட்டிய நாய்கள்தான் மடக்கின. துரை கத்தி வைத்தார். தொங்கவிட்டு நான் வயிற்றைக் கீறும்போது பால் என் முழங்கை வரை ஓடியது. நான்காம் நாள் புல்லுக்குப் போன இடத்தில் பெரணிச் செடிக்குள் கன்று கிடந்தது. தாய் எப்படிப் படுக்கவைத்துப் போனதோ அப்படியே காலை மடக்கி, தலையைத் தரையில் வைத்து. தாய் வரும்வரை அசையக்கூடாது என்பது அந்தச் சாதிக் கன்றுக்குப் பிறவிப் புத்தி. அந்தப் புத்தியிலேயே செத்திருந்தது. எத்தனையோ உயிர் போனதைப் பார்த்திருக்கிறேன் மகளே, சொன்ன சொல் கேட்டபடி செத்த பிள்ளை மாதிரி அது கிடந்த கிடை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நாய்கள் ஆற்றுக்கு மேல்பக்கம் வந்து நின்றன. தண்ணீரில் மோப்பம் அறுந்துவிடும், அப்போது நாய் தலையைத் தூக்கிக் காது கொடுக்கும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம், அவ்வளவுதான், பிறகு கரையோடு இறங்கித் தேடிப் பிடித்துவிடும். இந்தப் பக்கம் அடுத்த காம்பரா இராமையா வேறு கறி வெட்டக் கத்தியோடு இறங்கி வருகிறான். நான் உன் அம்மா கையிலிருந்த வாளியைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டினேன். அரிவாள் முதுகால் இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு, “வா வா வா, ரூபீ” என்று அந்தக் காலத்தில் சோற்றுக்குக் கூப்பிட்ட மாதிரியே குரல் கொடுத்தேன். ரூபி நின்றாள். ஆற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள், பின்னால் பதினொன்றும். வாளியைத் தட்டிக்கொண்டே கூண்டு வரைக்கும் மலையேறினேன். இந்த முழங்கால் அன்றைக்கு எப்படி ஏறியது என்று எனக்கே தெரியவில்லை.

கூண்டு வாசலுக்குத் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான், என் கையில் வாளியைப் பார்த்ததும் வெடுக்கென்று வாங்கிக்கொண்டான். துரை வந்து, “யாரு கூப்பிட்டது?” என்றார். “நாந்தாங்க தொரை, நாயெல்லாம் களைச்சுப்போச்சுன்னு கூப்பிட்டேங்க” என்றான் உன் தம்பி. துரை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டேன் தாயி, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. “வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வா” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவர் முகம் ஒருவர் பார்ப்பதில்லை. தம்பி சொல்கிறான், “யப்பா, நீங்க போயி ஒத்துக்கிட்டா அப்பனும் மகனும் சேந்து ஏமாத்துனோம்னு ஆயிரும். நான் சொன்னதாவே இருக்கட்டும், எனக்கு வயசு இருக்கு, வட்டவளைப் பக்கம் போயி கொழுந்து மூட்டை தூக்கியாச்சும் பொழைச்சுக்குவேன்.” உன் அம்மாவோ, “மரைக்குத் தண்ணிக்குள்ள எடம் புடிச்சுக் குடுத்தீகளே, நமக்கு எந்தக் குழியில புடிக்கப் போறீக?” என்கிறாள். லயத்தில் ஞாயிற்றுக் கறி போன கோபம் இன்னும் ஆறவில்லை. இராமையா காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும், “பெரியப்பா, அந்த வாளியக் குடுங்க, எங்க வீட்டுல சத்தத்த வச்சுக் கொழம்பு வச்சுக்கிறோம்” என்றான். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. நாளைக்கு நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன். கடைக்கு ஆள் வந்துவிட்டது, நானா பேனாவை மூடுகிறார்.

இன்று சனிக்கிழமை. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். நேற்றுத் தம்பிக்கு முன்னால் நான் ஆபீஸ் படியில் போய் நின்றேன். உள்ளே கூப்பிட்டார்கள். “வாளி தட்டினது நாந்தாங்க தொரை, அவன் மேல தப்பு இல்ல” என்றேன். துரை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. “தெரியும். உன் மகன் விடாம அடிக்கும். ரெண்டு தட்டி நிறுத்தறது நீ மட்டும்தான். வரியா இல்லையான்னு அஞ்சு நாள் பார்த்தது” என்றார். பிறகு அவரே சொன்னார், “சோலைமலை வேலையில இருக்கட்டும். நீயும் இருக்கலாம். இனிமே வேட்டையில குறுக்க வரமாட்டேன்னு உன் சாமி மேல சத்தியம் பண்ணு.” அவ்வளவுதான் கேட்டார். ஒரு சொல். சொன்னால் கூரை நிற்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன் மகளே. வந்தது வேறு. “பால் மடியோட வர்ற பெட்டைய விட்டுருவேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தொரை, இந்த நிமிசமே சத்தியம் பண்றேன்” என்றேன். பக்கத்தில் பெரிய கிளாக்கரின் பேனா நின்றது. துரைக்குக் காது சிவந்தது. “நீ இங்க இருக்கிற வரைக்கும் அது என் நாய் இல்லே. மாசக் கடைசிக்குள்ள தோட்டத்த விட்டுப் போ” என்றார். தம்பிக்கு வேலையும் காம்பராவும் உண்டு. எனக்குத்தான் இல்லை.

உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வீடு வரைக்கும் யோசித்தேன். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். “நீங்க தனியாப் போனா ரெண்டு நாளுல சோத்துக்கு வாளி தட்டுவீக” என்றாள். அவளும் வருகிறாள். மஃறூப் நானா கடைக்குப் பின்னால் கருவாட்டு மூட்டை போட்டிருக்கிற அறையை ஒழித்துத் தருகிறார். “வாடை இருக்கும் செல்லசாமி, மனசுல கொறையா நெனைக்காதீங்க” என்று அவர் சொன்னதையும் அவரையே எழுத வைத்திருக்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறார்.

இன்று விடிந்ததும் கடைசியாக ஒருமுறை ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே போனேன். பெரணி ஓரச் சேற்றில் பெரிய குளம்பு பதிந்திருந்தது, அதை ஒட்டியே எலுமிச்சம்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி சின்னக் குளம்பு. இரண்டும் காட்டுக்குள் போயிருந்தன. வேட்டை நிற்கவில்லை, அடுத்த ஞாயிறும் நாய் இறங்கும். ஆனால் இந்தக் கன்று இப்போது தாய் பின்னால் ஓடப் பழகிவிட்டது. பேத்திக்கு இதைச் சொல். உன் கூரையில் அணில் குட்டி போட்டிருக்கிறது, சம்பந்தி அம்மாள் கலைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, குட்டி தானாக இறங்கப் பதினைந்து இருபது நாள்தான் ஆகும், நான் கேட்டதாகப் பக்குவமாகச் சொல்லிப் பொறுக்கச் சொல். மாப்பிள்ளை மனம் கோணாமல் நட. காய்ச்சல் காலம், தண்ணீரைச் சுடவைத்துக் குடியுங்கள். எங்களை நினைத்து அழாதே, தம்பி மத்தியானம் வந்து அந்தக் கருவாட்டு அறையில் எங்களுக்கு ஒரு கட்டு விறகு போட்டுவிட்டுப் போனான்.

நீயும் உன் குடும்பமும் பிள்ளை குட்டியோடு நீண்ட ஆயுசோடு நிறைவாக இருக்க அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே. இனிக் கடிதம் போடும்போது தோட்டத்தின் பேரும் லயத்து நம்பரும் எழுதாதே, எழுதினால் ஆபீசிலேயே கிடந்துவிடும். மஃறூப் நானா கடை, ஸ்டேஷன் ரோடு, வட்டகொடை என்று போடு. நாங்கள் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லசாமி (கைநாட்டு)