முதுகு காட்டி நிற்கும் சிக்னல்

ஜூன் 3, செவ்வாய்

காலை வண்டி ஓட்டினேன். நெரிசல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக அழுக்குச் சட்டைகளை வாஷிங் மெஷினில் போட்டேன். சட்டைப் பையைப் பார்க்கவில்லை. நேற்று மழையில் நனையக்கூடாதென்று மனைவி கழற்றிக் கொடுத்த காது மெஷின் அதில்தான் இருந்தது. "பத்திரமா வெச்சுக்கறேன், கொடு" என்று கேட்டு வாங்கியவன் நான்.

துவைத்து, அலசி, பிழிந்தே கொடுத்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

ஜூன் 4

காது மெஷின் கடைக்காரர் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர். "இது தேறாது சார். புதுசு வர ஒரு மாசம் ஆகும். இதே மாடல் ஆன்லைன்ல கிடைச்சா வாங்கிட்டு வாங்க, நான் செட் பண்ணித் தரேன்."

ஒரு மாதமா? அவள் வேலை குழந்தைகள் காப்பகத்தில், கைக்குழந்தைகள் அறையில். அழுகை கேட்காமல் அங்கே என்ன செய்வாள்? மேலாளரம்மா பதினாறாம் தேதி வரைதான் பொறுப்பாராம். பதினோரு வருட வேலை. என் சட்டைப் பையால் போகப் போகிறது.

சாயங்காலம் அவள் கண்ணாடி அலமாரியில் தம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று, "தப்பு என் மேலதான், மன்னிச்சிடு" என்றேன். அவள் திரும்பவில்லை. கேட்காதென்று தெரிந்துதானே சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்ல வாய் வருவதில்லை, கல்யாணமான நாளிலிருந்தே.

ஜூன் 6

கிடைத்துவிட்டது! அதே மாடல். 'ஒன்று மட்டுமே உள்ளது' என்று சிவப்பில் போட்டிருந்தான். வாங்கப் போனால், நான் மனிதன்தானா என்று நிரூபிக்க வேண்டுமாம். ஒன்பது கட்டம், சிக்னல் இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. சிரிப்பு வந்தது. யாரிடம் கேட்கிறாய்? இருபத்தெட்டு வருடமாக பஸ் ஓட்டுகிறவனிடமா?

தப்பு என்றது. மறுபடி தொட்டேன். தப்பு. ஆறு தடவை! கடைசியில், 'சந்தேகத்துக்குரிய நடவடிக்கை. 24 மணி நேரம் கழித்து முயலவும்.'

ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லைடா நான். என்னைப் பார்த்தா சந்தேகம்?

ஜூன் 7

கண்டக்டரிடம் புலம்பினேன். "இத்தனை வருஷமா உங்கள மனுஷன்னு நம்பி நான்தான் ஏமாந்துட்டேன் போலண்ணே" என்றான், முன் சீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. வெந்த புண்ணில் வேல்.

ஜூன் 8

இன்று மாடிப்படி இருக்கும் கட்டங்களைக் கேட்டது. தேறிவிட்டேன். அடுத்து போனுக்கு ரகசிய எண். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அது காலாவதி. மூன்றாவது எண் வந்த நேரத்தில் இரண்டாவதை அடித்திருக்கிறேன். மறுபடி 24 மணி நேரம். போனைச் சோபாவில் எறிந்தேன். (சுவரில் எறியும் அளவுக்குக் கோபம். ஆனால் போன் ஒன்றுதானே இருக்கிறது.)

ஜூன் 9

அந்த ஒன்று இன்னும் விற்காமல் இருக்கிறது. பார்த்துவிட்டு மூடினேன்.

ஜூன் 10

மறுபடி சிக்னல். இரண்டு கட்டங்களைத் தொட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவி மூன்றாவதைக் காட்டினாள்.

"இத ஏன் விட்டீங்க?"

அந்த விளக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது நமக்கில்லை, எதிரில் வருகிறவனுக்கு என்று கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். டிரைவருக்கு அது கணக்கிலேயே இல்லை. அதைப் பார்த்து வண்டியை எடுத்தால் ஆள் காலி.

"உங்களுக்கு இல்லைன்னா அது சிக்னலே இல்லையா? நடந்து போறவ நாலு பக்கமும் பாத்தாதாங்க வீடு வந்து சேர முடியும்!" என்று பட்பட்டென்று எல்லாவற்றையும் தொட்டாள். பச்சை டிக் விழுந்தது. ஒரே தடவையில்!

ரகசிய எண் வந்தது. இம்முறை கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் அதைக் கத்திப் படித்தாள். பக்கத்து வீட்டுக்கும் ரகசியம் தெரிந்திருக்கும். அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

அப்பாடா. ஒரு வாரம் கழித்து இன்றுதான் சாப்பாடு ருசித்தது.

ஜூன் 14, சனி

நேற்று பார்சல் வந்தது. இன்று கடைக்காரர் செட் பண்ணிக் கொடுத்தார். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகிறாள். மேலாளரம்மாவுக்குப் போன் போட்டு அவளே சொன்னாள், சாதாரணக் குரலில். எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குள் நுழைந்ததும், "ஃபேன் இப்படிக் கத்துதே, உங்க காதுக்குக் கேக்கலையா?" என்றாள். நிஜமாகவே கேட்கவில்லை.

எதிரில் போய் நின்றேன். முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னேன். "அன்னிக்கு... தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

"தெரியும். அன்னிக்கே சொன்னீங்களே."

"உனக்குத்தான் கேக்காதே?"

"அலமாரிக் கண்ணாடியில உங்க வாயப் பாத்தேன். டிரைவருக்குத்தான் கண்ணாடி பாக்கத் தெரியுமா?" என்றாள். "காதால கேக்கணும்னுதான் பேசாம இருந்தேன். எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.