ஏடனிலிருந்து வந்த செடி

மண்டி மொஹல்லா, மைசூர்
20 மே 1936

ஏடன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் கண்ணுக்கு,

நீ கப்பலில் அனுப்பிய பாலைவனச் செடியை நான் கொன்றுவிட்டேன் என்று ஜனவரியிலேயே எழுத இருந்தேன். தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். எட்டாவது வரை படித்த எனக்கு அது மரியாதைப் பேச்சாகப் பட்டது. விருந்தாளி போதும் என்றால் நாம் நிறுத்துகிறோமா? காலையும் மாலையும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். அடித்தண்டு அழுகிவிட்டது.

பக்கத்து வீட்டு தேவம்மா வந்து பார்த்தாள். "ஏன்ணா, செடி வளக்கிறீங்களா, ஊறுகா போடுறீங்களா?" அழுகலை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, மணலில் நட்டு, எனக்கு எட்டாத மதில்மேல் தொட்டியை வைத்துவிட்டாள். "நீங்க கிட்ட வரக்கூடாது" என்று உத்தரவு வேறு.

நாலு மாதமாகக் கீழே நின்று பார்த்ததோடு சரி. நேற்று இரண்டு பூ, நல்ல சிவப்பு.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கட்டுமா என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டாய். நான் பெங்களூர் வரனைப் பற்றியும் இங்கத்திய மழையைப் பற்றியும் எழுதிச் சமாளித்தேன்.

அங்கேயே இரு, அம்மா. முறுக்கு மட்டும் அனுப்புகிறேன். போதும் என்றால் எழுது, இந்த முறை நிறுத்திவிடுகிறேன்.

மதிலுக்குக் கீழே நிற்கும்
உன் அப்பா