நீ அனுப்பிய கரித்தூள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், பூனை நன்றாக இருக்கிறது, தையல் மிஷின்கூட புது பெல்ட் போட்டபின் நன்றாக ஓடுகிறது. உன் அப்பா எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் நீதான் எனக்கு எழுத வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, கடல் தாண்டி இருக்கிறவளிடம் கேட்கிறாளே என்று சிரிக்காதே. போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்று நழுவிவிடுவாய், அதனால்தான் கடிதம், அதுவும் அவசரக் கூரியரில். முழுவதும் படி. பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு எச்சரிக்கை செய்யாதே, செய்தால் அவர் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் உன் பார்சலில் ஆரம்பித்தது. எனக்கு ஒரு சால்வை, அப்பாவுக்கு இரண்டு டப்பா பிசினும் கறுப்புத் தூள் பொட்டலங்களும். சால்வையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, அவருக்கு மட்டும் மூடிய உறையில் கடிதம். அதை என் கண் முன்னால் பிரிக்காமல் வேட்டி மடியில் செருகிக்கொண்டார். பெயின்ட் கம்பெனியில் வேலை பார்க்கிற மகள் அப்பாவின் படகுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். அப்போதே பிடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகப் படகின் அடியில் நீலப் பெயின்ட்தானே அடிப்பார், அதுவும் ஒரு மதியத்தில் முடித்துவிட்டு வந்து தூங்குவார். இந்தத் தடவை படகைக் கவிழ்த்துப் போட்டு, ஒட்டியிருந்த சிப்பியெல்லாம் சுரண்டி, பழைய பெயின்ட் மொத்தத்தையும் மரம் தெரிகிற வரைக்கும் உரித்தார். பிறகு பிசினில் அந்தக் கரித்தூளைக் கலந்து ஒரு பூச்சு, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. ஐந்து பூச்சு பூசினார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே எண்ணினேன். இது எதற்கு இத்தனை என்று கேட்டதற்கு, "கல்லுல மண்ணுல இழுத்தாலும் கீறாது, வழுவழுன்னு போகும்" என்றார். நண்டு பிடிக்கக் கூடு போடுகிற படகு வழுவழுவென்று எங்கே போகப் போகிறது என்றால், "நீ போய் உன் வேலையப் பாரு" என்றார். உன் அப்பா அப்படிப் பேசுகிறவரா? அன்றிலிருந்து என் வேலையே அவரைப் பார்ப்பதுதான் என்றாகிவிட்டது.

முதலில் படகை விற்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். விற்கிற பொருளைத்தானே மனிதர்கள் இப்படிப் பளபளப்பாக்குவார்கள். பக்கத்துப் பட்டறையில் படகு மோட்டார் ரிப்பேர் பண்ணுகிற மோட்டார்க்காரர் தினமும் வந்து நின்றார், இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள், நான் டீ எடுத்துக்கொண்டு போனால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. விற்றுவிட்டு அந்தப் பணத்தோடு உன்னிடம் வந்து உட்காரப் போகிறார், என்னிடம் கடைசி நாளில் பெட்டி கட்டச் சொல்வார் என்றெல்லாம் என் புத்தி ஓடியது. உன்னையும் சேர்த்துத்தான் திட்டினேன், மனதுக்குள்.

போன சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், படகை ஏற்றி வைக்கிற சிமென்ட் சரிவில் படகைக் காணோம். உன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர், திடீரென்று திருட்டு திருட்டு என்று கத்த ஆரம்பித்தார். நான் நேராக மோட்டார்க்காரர் முகத்தைத்தான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, பத்து நாளாக நோட்டம் விட்டது நீதானே என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டும்விட்டேன். அந்த மனிதர் தன் படகை எடுத்துக்கொண்டு போய், கழியின் எதிர்க்கரை நாணலில் செருகிக் கிடந்த நம் படகைக் கட்டி இழுத்து வந்து கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டார். உன் அப்பா என்னைத் தடுக்கவும் இல்லை, அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு உறுத்தியது.

எல்லோரும் போனபிறகு கயிற்றை எடுத்துப் பார்த்தேன். அறுத்த கயிறு இல்லை, அவசரமாக அவிழ்த்த கயிறும் இல்லை. சின்னப் பிள்ளை கட்டின ஷூ லேஸ் மாதிரி தானாக நழுவியிருக்கிறது. தண்ணீர் ஏறும்போது முன்பென்றால் நம் படகு நகராமல் எருமைபோல் படுத்துக் கிடக்கும். இப்போதுதான் அடியெல்லாம் வழுக்கலாயிற்றே, லேசாக ஒரு அலை தொட்டதும் தானே இறங்கிப் போய்விட்டது. படகு போனது எனக்கு ஆச்சரியமில்லை. உன் அப்பா போட்ட முடிச்சு அவிழ்ந்ததுதான் ஆச்சரியம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கட்டின எதுவும் அவிழ்ந்து நான் பார்த்ததில்லை, உன் தொட்டில் கயிற்றைக் கழற்ற முடியாமல் கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு துணியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் துடைக்க ஆரம்பித்தேன். உப்புத்தாள் தேய்த்த கரி அவர் தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு முழு உள்ளங்கை, விரலெல்லாம் மேலே, கட்டைவிரல் வலது பக்கமாக. என் வலது கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இடது கையை வைத்தேன், பொருந்தியது. தாழ்ப்பாளில் பார்த்தேன், பீரோவில் பார்த்தேன், குளியலறைச் சுவரில் பார்த்தேன். எல்லாம் இடது கை. வலது கைத் தடம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்த்தேன். ஒரு மாதமாகப் பட்டன் வைத்த சட்டையை விட்டுவிட்டு பனியன்தான் போடுகிறார். பூப்போட்ட கோப்பை உடைந்ததற்குப் பூனைமேல் பழியைப் போட்டார். மறுநாள் வேண்டுமென்றே அவருக்கு வலது பக்கமாக நின்று டீயை நீட்டினேன். இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினார். அவர் கடைக்குப் போன நேரத்தில் சரிவுக்குப் போய்ப் படகை ஒரு கையால் தள்ளினேன். நான்கு பேர் பிடித்தாலும் முனகுகிற படகு, ஒரு கைக்கு நகர்ந்தது. ஐந்து பூச்சும் இதற்குத்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

மோட்டார்க்காரர் பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்னென்ன தெரியும் என்றும் கேட்டேன். "அக்கா, என்னைக் கேக்காதீங்க, அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். இதைவிடத் தெளிவாக யாரால் பதில் சொல்ல முடியும்? உன் நண்பனுக்காகத் திருடன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாயே என்று சொல்லி, அவருடைய கிழிந்த கான்வாஸ் கூரையைத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன். நீ அனுப்பிய கடிதத்தையும் தேடினேன். மறைப்பானேன், சட்டைப்பை, தலையணை உறை, மீன்பிடிப் பெட்டி எல்லாம் துழாவினேன், கிடைக்கவில்லை. ஆனால் என் துணிக்கூடையில் கான்வாஸ் நாடா ஒன்று குறைந்திருந்தது. அது படகில் வலது துடுப்பின் பிடியில் சுற்றியிருந்தது. கையைத் துடுப்போடு கட்டிக்கொண்டு கழிமுகம் வரை போய் வந்திருக்கிறார், தனியாக. படகு கவிழ்ந்தால் அந்தக் கையை யார் அவிழ்ப்பார்கள் என்று உனக்காவது தோன்றியதா? படித்தவள்தானே நீ?

நான் என் பங்குக்கு ஒரு பட்டை தைத்தேன். உள்ளே மெத்தென்ற துணி, வெளியே கான்வாஸ், ஒரே இழுப்பில் கழன்று வருகிற மாதிரி ஒட்டுப்பட்டை. பழைய நாடாவை எடுத்துவிட்டு அதைத் துடுப்பில் மாட்டி வைத்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். இன்று காலை கூடுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் போய் முன்பலகையில் உட்கார்ந்துகொண்டேன். "நீ எங்க?" என்றார். உங்கள்மேல் எனக்குச் சந்தேகம், கூடவே வந்து கண்காணிக்கப் போகிறேன் என்றேன். என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பட்டறைப் பக்கம் பார்த்தார். பிறகு இடது கையால் தள்ளினார், படகு சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனது, ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். வலது கையை என் மடிமேல் வைத்து, "கட்டி விடு" என்றார். கை ஜில்லென்று இருந்தது. கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எப்போதிலிருந்து அந்த வலது கை மரத்துப் போகிறது, முன்பே யாரிடமாவது காட்டினாரா, அவர்கள் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் வியாழனுக்குள் எனக்குச் சொல்லிவிடு. இதற்கு மட்டும் போன் பண்ணு, என் போனுக்கு. அவர் கஷ்டத்தை எனக்குத் தெரியாமல் தீர்க்கப் பார்த்தாய், அந்தப் பாசம் புரிகிறது, அதற்காக உன்மேல் உள்ள கோபம் ஒரு துளியும் குறையவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பெயின்ட் வாடையில் முகமூடி போடாமல் நிற்காதே. சால்வை அழகாக இருக்கிறது, படகில் போர்த்திக்கொண்டுதான் போனேன். நீ நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அப்படி ஏதாவது வந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும். உனக்கு ஏதாவது இருக்கிறதா? உண்மையைச் சொல்.

உங்கள் இரண்டு பேரையும் இனி நம்பாத,
அம்மா