ஹிதாயத்துல்லா பாய் கொண்டு வரும் டப்பா

புதுச்சேரி,
14-3-1959, சனிக்கிழமை காலை.

அன்பு மகன் இராமதாசுக்கும் மருமகள் சுலோசனாவுக்கும் அம்மா எழுதுவது. சைகோனில் நீங்கள் இருவரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் எழுந்ததிலிருந்து சாமியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று வழக்கம்போல எழுத ஆரம்பித்தேன், கை ஓடவில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிதாயத்துல்லா பாய் கப்பலில் கொண்டு வருகிற தகர டப்பாவைத் திறக்காதீர்கள். அதில் இருக்கும் கஞ்சிமாவைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ருசி பார்க்கிறேன் என்று ஒரு சிட்டிகைகூட நாக்கில் வைக்காதீர்கள். அந்த டப்பாவில் விஷம் இருக்கிறது. உறைமேல் இராமதாஸ் பெயர்தான் இருக்கிறது, ஆனாலும் பகலில் தபால் வந்தால் சுலோசனாவே பிரித்துப் படிக்கட்டும், அவர் வரட்டும் என்று மேஜைமேல் வைக்க வேண்டாம்.

நேற்று சாயங்காலமே உன் அப்பா தந்தி ஆபீசுக்குப் போய், மாவு கொடுக்காதே டப்பாவைத் திறக்காதே என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அது வந்து சேர்ந்திருக்கும். ஆனால் சுலோசனாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது, நீ வேலையிலிருந்து வந்து படித்திருப்பாய், படித்துவிட்டு என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தை மாதம் டின் பால் கொடுக்காதே என்று அடம் பிடித்து ஒரு தந்தி கொடுக்க வைத்தேனே, அதை ஆபீசில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்ததாகவும், அடுத்த தடவை அம்மாவிடமிருந்து சாப்பாட்டைப் பற்றித் தந்தி வந்தால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்து நானும்தான் சிரித்தேன். இது அந்த மாதிரித் தந்தி இல்லை ராசா, மாட்டிவிட்டுப் போய்விடாதே.

நடந்ததை ஒழுங்காகச் சொன்னால்தான் நீ நம்புவாய். போன வருஷம் உன் அப்பாவுக்கு இரண்டு காலும் வீங்கி, செருப்பு நுழையாமல் கிடந்தது உனக்குத் தெரியும். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியை நிறுத்துங்கள், தவிடு போகாத அரிசியைச் சாப்பிடுங்கள் என்றார். கொளஞ்சியை வாரம் இரண்டு நாள் நெல்லுக் குத்த வரச் சொன்னேன். இரண்டே மாதத்தில் வீக்கம் வடிந்து அவர் கடற்கரைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்று நீ சொல்லுவாய், சொல்லிக்கொள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் உன் அப்பா சந்நியாசம் போய்விடுவார் என்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றினேன். முதலில் சீனி போய் வெல்லம் வந்தது. பிறகு வனஸ்பதி போய்ச் செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் வந்தது. காலை ரொட்டியை நிறுத்தியபோதுதான் மனிதருக்குக் கோபம் வந்தது, நாற்பது வருஷம் மேரியில், நகரசபை ஆபீசில், குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஒரு துண்டு ரொட்டிக்கு வழியில்லையா என்று இரண்டு நாள் பேசவில்லை. இப்போதும் காற்று வாங்கப் போகிறேன் என்று போய்விட்டு மீசையில் ரொட்டித் தூளோடு வருகிறார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

கடைசியாகக் காய்கறிக்கு வந்தேன். மார்க்கெட் கத்திரிக்காயில் ஏதோ தெளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலாப்பட்டில் இருக்கும் உன் கோவிந்தசாமி மாமாவிடம், உரமும் மருந்தும் காட்டாமல் எனக்கென்று நாலு பாத்தி கத்திரியும் கொஞ்சம் கேழ்வரகும் விடுடா என்று கேட்டேன். சரிக்கா என்றான். என் தம்பி நிலத்துக் காய், சொட்டு மருந்து படாத காய் என்று தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் பெருமை பேசினேன். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் என்னைக் கண்டாலே கதவைச் சாத்துகிற அளவுக்குப் பேசினேன்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடியப் போகிறது, இனி கஞ்சி கொடுக்கலாமா என்று சுலோசனா கேட்டு எழுதினாள் அல்லவா, அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போய்க் கேழ்வரகு வாங்கிவந்தேன். அப்போதுதான் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இரண்டு டப்பாக்களைப் பார்த்தேன். திருகு மூடி போட்டு, துருப் பிடிக்காமல் பளபளவென்று இருந்தன. கப்பலில் போனாலும் காற்றுப் புகாது, பூச்சி விழாது என்று ஆசையாக இருந்தது. மாமா வயலில் இருந்தான். அஞ்சலாட்சி அத்தையைக் கேட்டேன். அவுரு எங்கேருந்தோ வாங்கியாந்தாரு, காலியாத்தான் கெடக்குது, எடுத்துக்கினு போங்கக்கா என்றாள். மேலே ஒட்டியிருந்த காகிதம் என்ன பாஷையோ தெரியவில்லை, உங்கள் வீட்டுக்குப் போகிற சாமான் அசிங்கமாக இருக்கக்கூடாது என்று அதை ஊறவைத்து உரித்துவிட்டேன். உள்ளே லேசாகப் பூண்டு நெடி அடித்தது. பூண்டு வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். ஒரு பெண்பிள்ளை அதற்குமேல் ஒரு பாத்திரத்தை எப்படிக் கழுவ முடியும்?

கேழ்வரகை முளைகட்டி, பச்சைப்பயறும் கைக்குத்தல் அரிசியும் வறுத்துச் சேர்த்து, நானும் கொளஞ்சியும் ஏந்திரத்தில் இரண்டு நாள் அரைத்தோம். மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்தோம். ஒரு டப்பா நிறைய உங்களுக்கு. மீந்ததை இன்னொரு டப்பாவில் போட்டு வைத்தேன். போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன், ஐந்தாம் தேதி, ஹிதாயத்துல்லா பாய் வந்து வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். பேத்திக்குப் பாட்டி அரைச்ச மாவா, என் மடியில வச்சிக் கொண்டுபோறேம்மா என்று சிரித்தார்.

இந்தப் புதன்கிழமை கொளஞ்சி நெல்லுக் குத்த வந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றுகிறது என்றாள். மீந்த மாவில் கஞ்சி காய்ச்சி ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தேன். உடம்புக்கு நல்லதுடி, மிச்சம் வைக்காமல் குடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு மழையில் நனைந்தவள் மாதிரி வேர்த்துக் கொட்டி, வாயில் நுரை தள்ளி, கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கிறது, வீட்டில் பூச்சி மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் வீட்டில் சுத்தமான சாமான் தவிர ஒன்றும் நுழையாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லும்மா என்றார். யோசிக்கவே இல்லை நான்.

வீட்டுக்கு வந்தால், கஞ்சிச் சட்டியைக் கழுவி ஊற்றிய இடத்தில் மேய்ந்த ஆறு கோழியும் காலை நீட்டிக் கிடந்தன. அப்போதும் கோழிச் சீக்கு என்றுதான் நினைத்தேன். கொளஞ்சிக்குக் காலராவாக இருக்குமோ என்று ஊரெல்லாம் பேச்சு. நேற்று வெள்ளிக்கிழமை காலை மாமா காய்கறிக் கூடையோடு வந்தான். அடுப்பங்கரையில் அந்த இரண்டாவது டப்பாவைப் பார்த்தான். கூடையைக் கீழே வைக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டான். இது ஒனக்கு எப்படிக்கா வந்திச்சி, இதுல என்னா வச்சிருக்க என்று கேட்டான். கத்திரிக்குத் தெளிக்கிற பூச்சி மருந்து டப்பா அது. நீ கேட்டியேன்னு ரெண்டு மாசம் சும்மா வுட்டுப் பாத்தேங்க்கா, பூரா புழு வச்சிப் போச்சி, ஒனக்குச் சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல என்று அழுதான். கழுவினேனேடா என்றேன். தண்ணிக்குப் போவாதுக்கா, எண்ணெ கணக்கா அடி மடிப்புல பூந்துக்கும், டப்பாவ ஒடச்சிப் பொதைன்னுதான் கடைக்காரன் சொன்னான், நான்தான் பொறவு பாத்துக்கலாம்னு போட்டு வச்சிட்டேன் என்றான். நாலு மாதமாக நாங்கள் தின்ற கத்திரிக்காயும் அப்படித்தான் என்றால் எங்களுக்குள் என்ன இருக்கிறதோ தெரியவில்லை. அது போகட்டும், எங்களுக்கு வயதாகிவிட்டது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி டாக்டரிடம் சொன்னேன். புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொன்னார், திட்டியிருந்தால் தேவலை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கொளஞ்சி இன்னும் கண் திறக்கவில்லை. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியுமாம். அவள் புருஷன் வராந்தாவில் உட்கார்ந்து, நீங்க சோறு போட்ட கைம்மா, ஒங்களை நான் என்னா சொல்றது என்கிறான்.

இரண்டு டப்பாவையும் ஒன்றாகத்தான் கழுவினேன், ஒன்றாகத்தான் காய வைத்தேன். உங்களுக்கு வந்ததில் மருந்து இல்லாமலும் இருக்கலாம் என்று உன் அப்பா எனக்காகச் சொல்கிறார்.

பாயை வழியிலேயே பிடிக்க முடியுமா என்று அவர் தம்பி அப்துல் மாலிக்கைப் பார்க்கப் போனோம். பாவம், அவர் உடனே சிங்கப்பூருக்கும் சைகோனில் இருக்கும் பாயின் கடைக்கும் தந்தி கொடுத்தார். சிங்கப்பூரிலிருந்து பதில் இல்லை, கப்பல் அதைத் தாண்டிவிட்டதோ என்னவோ. பாயின் சம்சாரம் ஷரீபா சொன்னதுதான் என் உயிரை எடுத்துவிட்டது. அவுங்க எறங்குனா கடைக்கும் போவமாட்டாங்கம்மா, வூட்டுக்கும் போவமாட்டாங்க, அடுத்தவங்க அமானிதத்தை அவங்கவங்க கையில சேத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க என்றாள். யாரோ ஒருவரிடம் கொடுத்திருந்தால் நாலு நாள் மூட்டையோடு போட்டு வைத்திருப்பார்கள். நல்ல மனிதராகப் பார்த்துக் கொடுத்தேன். கப்பல் பத்தொன்பதோ இருபதோ வந்துவிடும் என்கிறார்கள். இந்தக் கடிதம் மெட்ராஸ் போய் விமானம் ஏறி ஐந்தாறு நாளில் வருமாம். நீயே கணக்குப் பார்த்துக்கொள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகச் செய். டப்பாவை மூடியோடு ஆணி அடித்து ஓட்டை போட்டு, கிணறும் வாய்க்காலும் இல்லாத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடு. குப்பையில் போடாதே, பார்க்க லட்சணமான டப்பா, யாராவது என்னைப் போல ஆசைப்பட்டு எடுப்பார்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு. ஒருவேளை, நான் எழுதக்கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன், ஒருவேளை ஒரு வாய் உள்ளே போயிருந்தால் தூங்குகிறாள் என்று விட்டுவிடாமல் அந்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாமா கடைக்காரரிடம் மருந்தின் பெயரை எழுதி வாங்கி வந்திருக்கிறான், அந்தச் சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது, அதைக் காட்டுங்கள். என்னைப் போல வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். டின் பாலே கொடுங்கள். எத்தனை டின் வேண்டுமானாலும் கொடுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உன் அப்பா தபாலாபீசுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். இன்று காலை அவருக்கு ரொட்டி வாங்கி வைத்தேன், தொடவில்லை. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும். இது கண்டவுடன் குழந்தை நலம் என்று ஒரே ஒரு வரி தந்தி கொடு, மறந்துவிடாதே. மற்றதெல்லாம் பிறகு எழுது, என்னைத் திட்டியே எழுது.

உங்கள் அம்மா,
ராஜாம்பாள்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டப் போனேன், முடியவில்லை. ஒன்றை எழுதாமல் மறைத்துவிட்டேன். டப்பாவுக்குள் மாவுக்கு மேலேயே சுலோசனாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். சுலோசனா, டப்பாவைத் திறக்காவிட்டால் அது உன் கண்ணில் படாது அம்மா. திறந்திருந்தால் இதற்குள் படித்திருப்பாய். முதலில் குழந்தை முகத்தைச் சுளிப்பாள், துப்புவாள், வாந்திகூட எடுப்பாள், அதற்கெல்லாம் பயந்து விட்டுவிடாதே, மடியில் போட்டு மூக்கைப் பிடித்தாவது இரண்டு சங்கு உள்ளே ஊற்று, நாலு நாளில் பழகிவிடும் என்று எழுதியிருக்கிறேன். இராமதாஸ் என் பேச்சைக் கேட்க மாட்டான், நீ நான் சொன்னதை அப்படியே செய்கிறவள். இதை மட்டும் கேட்காதே. குழந்தை துப்பினால் துப்பட்டும், விட்டுவிடு.