நான் வாசிக்காமல் விட்ட வரி

சாச்சி,

இன்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலை உரசிக்கொண்டாள். டீச்சர் ஊதா மருந்து பூசினார். அந்த நிறத்தைக் கண்டதும் நான் எழும்பி வெளியே போய்விட்டேன். நீங்கள் இரண்டு வருசமாக ஒளித்துப் பூசியதும் அதுதான். ஊதாக் கறை பட்ட சீலைத் துண்டுகளைக் கொடியில் சாச்சாவின் சாரனுக்கு அடியில் காயப்போடுவீர்கள். எல்லாரும் படுத்துவிட்டார்கள். விளக்கைச் சிறிதாக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

இருக்கவிடாத அரிப்பு என்று உங்கள் ராத்தாவிடம், என் உம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தீர்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் இருக்கிறார் என்று கேட்ட பிறகுதான் வரச் சம்மதித்தீர்கள். உம்மாவும் நானும் துணைக்கு வந்தோம். வெளியில் சொல்ல முடியாத அந்த இடத்தில் தோல் வெள்ளையாகத் தடித்து வெடித்திருந்ததாம். டொக்டர் பயறளவு வெட்டிப் போத்தலில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார். பஸ்ஸில், "என்ட தோல் கொழும்பு பாக்கப் போகுது, நான் மட்டக்களப்பைத் தாண்டல்ல" என்று சிரித்தீர்கள்.

மூன்று கிழமையில் இங்கிலீசில் காயிதம் வந்தது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சாச்சாவும் உங்கள் மச்சான்மாரும் சுற்றி இருந்தார்கள்.

"வாசிங்க மகள்," என்றார் சாச்சா.

அந்த இடத்தின் பெயர் அதில் இருந்தது. இது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டால் ஆகும், உடனே வந்தால் கெட்ட தோலை வெட்டியெடுத்துச் சுகப்படுத்தலாம் என்றும் இருந்தது. எங்கே வெட்டுவது என்று ஆம்பிளைகள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

"பயப்பட ஒண்டுமில்லையாம். மருந்தைப் பூசட்டாம்," என்றேன்.

"ஒரு சொறிக்கு மட்டக்களப்பு வரைக்கும் போன ஆக்கள்!" என்றார் சாச்சா. மச்சான்மார் சிரித்தார்கள். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுப்படியில் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். முதல் நாள் வெட்கம். அதற்குப் பிறகு, பொய் சொன்னது தெரிந்துவிடும் என்ற பயம். காயிதத்தை அடுப்பில் போட்டேன். அரிப்புக் கூடியபோது உம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "பயப்பட ஒண்டுமில்லண்டு எழுதியிருக்கே ராத்தா," என்றீர்கள்.

புண்ணாகி இரத்தம் கண்ட பிறகு போனபோதும் அதே டொக்டர்தான். "உடனே வரச் சொல்லி எழுதினேனே! அந்தக் கடிதத்தை யார் வாசிச்சது?" என்று கோபப்பட்டார். உம்மா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பிறகு தனியா எல்லாம் சொன்னா, டொக்டர்," என்றீர்கள். "எனக்குத்தான் கத்தியெண்டாப் பயம். ஆருக்கும் சொல்லாத எண்டு நான்தான் சத்தியம் வாங்கினன்."

எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அப்படி எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாளாவது என்னிடம் அதைப் பற்றிக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவேயில்லை.

நேற்று உங்களை அடக்கி நாற்பதாம் நாள், வீட்டில் கத்தம் ஓதினார்கள். வந்தவர்களிடமெல்லாம் உம்மா அழுதழுது சொன்னார்: "என்ட மகள் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. பிடிவாதக்காரி, கேக்கல்ல." ஒவ்வொருவராக வந்து என் தலையைத் தடவினார்கள். நான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.