மூடி போட்ட பிறகு

திருவண்ணாமலை,
ஐப்பசி 21.

கோதண்டராமன் மாஸ்டர் அவர்களுக்கு, தையல்நாயகி விலாஸில் சாம்பார் அண்டாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த இராமலிங்கம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. பம்பாயில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் குறைவில்லாமல் இருக்க அண்ணாமலையானை வேண்டுகிறேன். நான் நடமாட்டமாக இருக்கிறேன். அதற்குமேல் கேட்கக் கூடாது.

ஸ்கைலாப் உடைந்து தலையில் விழப்போகிறதென்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்ததே, அந்த வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். நாளைக்கு இருப்போமோ இல்லையோ என்று பஸ் ஸ்டாண்டு கடையில் ஆட்கள் இரண்டாம் தடவை பூரி வாங்கிச் சாப்பிட்டார்கள். டெல்லியில் ஆட்சி கவிழ்ந்ததும் அந்த மாதம்தான். ஸ்கைலாப் எங்கோ கடலில் விழுந்து பதினைந்து நாள் கழித்து, ஆடிப்பூரக் கூட்டத்தில், நீங்கள் இடுப்புத் துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு நம் கடையை விட்டுப் போனீர்கள். பத்து வருடம் ஆகிறது. அந்தக் காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உங்களுக்குத் தெரியும். தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற கேசவலு, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். பேச்சை நல்ல எழுத்தாக்குவது அவர் பாடு, விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த உங்கள் தங்கை மகள் வேதாவைக் கடலைக்கடை மூலையில் பார்த்தேன். அவள்தான் விலாசம் கொடுத்தாள். நீங்கள் ஒரு மில் கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைப்பதாகச் சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாமா எல்லாம் அவரே செய்வாரு தாத்தா, உப்பு மட்டும் வேற ஆளு போடணும்பாரு. ஏன்னு கேட்டா, எங்கைக்கு உப்பு ராசியில்லனு சிரிப்பாரு" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெருச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் கடைசியில் நம் ஊரை ஜில்லாத் தலைநகரம் ஆக்கிவிட்டார்கள். வெடி வைத்து மிட்டாய் கொடுத்தார்கள். வேங்கிக்கால் பக்கம் ஆபீசுகள் வரப்போவதாகப் பேச்சு. ஆனால் தேரடித் தெருவைப் பார்த்தால் ஜில்லாவின் தெரு மாதிரி இல்லை. எதிர்வரிசை ஜவுளிக்கடையை மூன்றாகத் தடுத்து வளையல், பிளாஸ்டிக் வாளி, கேசட் என்று விற்கிறார்கள். பித்தளைப் பாத்திரக் கடை எவர்சில்வர் கடையாகி, பிறகு பூட்டு விழுந்து, பலகைக் கதவில் இப்போது எலெக்ஷன் சின்னம் வரைந்திருக்கிறார்கள்.

நம் கடைகள் நான்கில் ஸ்டேஷன் கடைதான் முதலில் போனது. ரயிலுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அடுத்தது செங்கம் ரோடு கடை. ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கென்று அங்கே வீட்டுக்கு வீடு காபி போட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கடையைச் சுற்றி மூன்று பரோட்டாக் கல். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நம் இட்லி வாயே திறக்கவில்லை. பெரிய கடை ஒன்றுதான் மிச்சம். அதையும் தீபம் முடிந்ததும் மூடுகிறார் முதலாளியின் மகன். பஸ் நிற்கிற இடம் மாறியதுதான் காரணம் என்கிறார் அவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததுதான் காரணம் என்கிறார்கள் தெருவில். ஆளுக்கொரு காரணம். என் காரணத்தை மட்டும் நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

நம் கடை வழக்கம் தெரியாமல் கேசவலு குறுக்கே கேட்டார். அவருக்குச் சொன்னதையும் எழுதிவிட்டார், இருக்கட்டும். நான்கு கடைக்கும் சாம்பார் பெரிய கடையில் ஒரே அடுப்பில் கொதிக்கும். சாமி படத்துக்குக் காட்டாததைச் சமைக்கிறவர் வாயில் வைக்கக் கூடாது என்பது முதலாளியின் அம்மா போட்ட சட்டம். நீங்கள் கை அளவிலும் மூக்கிலுமே சமைத்தீர்கள். படத்துக்குக் காட்டியதும் நான் ஒரு கரண்டியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். சரியென்றால் அண்டா விளிம்பில் இரண்டு தட்டு, உடனே மூடி. மூடி போட்ட பிறகு ஒரு கல் உப்பு அதில் விழக் கூடாது. காசி கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவான். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவனை இந்த வேலைக்கு உயர்த்தியவர் முதலாளி சின்னசாமி. "படிச்சவன் யோசிச்சுச் சொல்லுவான்யா, இவன் நாக்குல பட்டதைச் சொல்லுவான்" என்பார்.

அந்த ஆனி மாதம் விஷக்காய்ச்சல் வந்து பதினெட்டு நாள் படுத்தேன். நீங்கள் காசியிடம் மிளகு ரசம் கொடுத்தனுப்பினீர்கள். மாஸ்டர், அந்த ரசம் எனக்கு வெந்நீராக இருந்தது. காய்ச்சல் போனபோது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. புளி இல்லை, உப்பு இல்லை, காரம் மட்டும் ஊசி குத்தியது மாதிரி. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மகள் சரசுவுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தது. நாக்குச் செத்தவனுக்கு அந்தக் கடையில் என்ன வேலை?

வேலைக்குத் திரும்பிப் பத்து நாள் சும்மா தட்டினேன். உங்கள் கை தப்பாதென்று எனக்குத் தெரியும். பத்தாம் நாள் முதலாளி வெற்றிலை மென்றுகொண்டே, "என்ன ராமலிங்கம், காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு கொறையும் சொல்ல மாட்டேங்கறே? நாக்கைப் புதுசா மாத்திட்டியா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஏதாவது ஒரு குறை சொன்னால்தான் நாக்கு இருப்பதாக நம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் ஆடிப்பூரக் கூட்டம். முதலாளி இன்னும் வரவில்லை. காசி வெளியே வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். மூலையில் பச்சையம்மாள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையை நக்கிவிட்டு, "உப்பு கம்மி மாஸ்டர், ரெண்டு கை போடுங்க" என்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "ஏன்யா, எங்கை என்ன இன்னைக்கா உப்பு போடுது?" என்றீர்கள். ஆனால் கடை வழக்கம், என் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. இரண்டு கை போட்டீர்கள். நான் மறுபடி நக்கி, இரண்டு தட்டு தட்டி மூடினேன்.

ஒரே அடுப்பு என்பதால் நான்கு கடையிலும் ஒரே நேரத்தில் துப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு கண்டக்டர், "யோவ், ஸ்கைலாப் விழுந்த எடத்துல மொண்டுகினு வந்தீங்களா?" என்று கேட்க, கடையே சிரித்ததாம். கல்லாவில் இருந்த முதலாளியின் தம்பி தருமன் ஓட்டமாக ஓடி வந்தார்.

சமையற்கட்டில் நாம் நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அடுப்போரம் நீங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான். வாசற்படியில் காசி. அரைத்த கையோடு பச்சையம்மாள். நடுவில் அண்ணனும் தம்பியும். "மூடி போடறப்ப எப்படி இருந்துச்சு?" என்று முதலாளி என்னைக் கேட்டார். நான், "சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். அவ்வளவுதான் மாஸ்டர் நான் சொன்னது. "அப்ப மூடியத் தொறந்தது யாரு?" என்று அவர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இவன்தான் போடச் சொன்னான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள், "சரிங்க மொதலாளி, நான் வரேன்" என்றீர்கள்.

சரசுவின் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதலாளி நின்று பரிமாறினார். உங்களுக்குப் பிறகு ஐந்து மாஸ்டர்கள் வந்தார்கள். எட்டு வருடம் செத்த நாக்கோடு மூடி போட்டேன். எப்படி என்று கேட்பீர்கள். அரை இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக் காசியிடம் கொடுத்து அவன் முகத்தைப் பார்ப்பேன். புருவம் ஏறினால் உப்பு ஜாஸ்தி. மென்றுகொண்டே நின்றால் கம்மி. அவனுக்குப் பசி இருக்கிற நாளில் எல்லாமே சரி. நான்கு கடைச் சாம்பாரும் அவன் பசியில் நடந்தது. வாடிக்கைக்காரர்கள் பழைய கை இல்லை என்று சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதற்குக்கூட வராமல் போனார்கள். பஸ்ஸும் பரோட்டாவும் இல்லாதிருந்தாலும் அந்தக் கடைகள் போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. முதலாளி படுத்த படுக்கையாக இருந்தபோது போனேன். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன், திரும்பிவிட்டேன். இந்திராகாந்தி போன அதே மாதம் அவரும் போனார். எம்.ஜி.ஆர். இறந்து ஊர் முழுக்கக் கதவடைத்த மூன்றாம் நாள் தருமன் போனார். இந்தச் சித்திரையில் காசி. அவனிடமாவது சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைத்தானே எட்டு வருடம் தின்றேன்.

வேதா சொன்னதைக் கேட்ட மறுவாரம், வேங்கிக்காலில் மகளோடு இருக்கிற பச்சையம்மாளைத் தேடிக்கொண்டு போனேன். பார்வை மங்கிவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் சிரித்துவிட்டாள். "இன்னாய்யா புதுசா சொல்றே? கையிதான் அரைச்சுது, காது சும்மாதானே இருந்துச்சு? நீ ரெண்டு கை போடச் சொன்னதைக் கேட்டேன்" என்றாள். பிறகு ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "வாயத் தொறக்கத்தான் போனேன். மாஸ்டரு கண்ணக் காட்டிட்டாரு. வெளிய போறப்ப என்னாண்ட வந்து, 'அவன் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் இருக்குது பச்சையம்மா, எனக்கு எந்த ஊர்லயும் அடுப்பு இருக்குது'ன்னுட்டுப் போனாரு" என்றாள்.

அப்படியானால் என் நாக்குச் செத்தது அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். ஒருவேளை ரசம் கொடுத்தனுப்பிய நாளிலேயே தெரிந்திருக்கும். எந்த ஊரிலும் உங்களுக்கு அடுப்பு கிடைத்தது, உண்மைதான். உப்பு எடுக்கிற கையைத்தான் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

உங்கள் கை ஒருநாளும் தப்பவில்லை மாஸ்டர். தப்பியது நான். பம்பாயிலிருந்து வேதாவின் சித்தப்பா தீபத்துக்கு வருகிறாராம், கூட வாருங்கள். வர முடியாவிட்டால், இந்தக் கடிதத்தைக் கேன்டீனில் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லி, எல்லோரும் கேட்ட பிறகு உங்கள் கையால் உப்பை எடுத்துப் போடுங்கள். உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

கேசவலுவைக் கூட்டிக்கொண்டு வந்து பச்சையம்மாள் வீட்டில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். கைநாட்டுக்குச் சாட்சி வேண்டும் என்கிறார் அவர், மனு எழுதிய பழக்கம். இவளைக் கேட்டால், "எங்கிட்ட அழுது இன்னா ஆவப்போவுது? அந்த மனுசன நிக்க வெச்சு அவரு முன்னால சொல்லு. அப்ப வெக்கறேன் கட்டை வெரல" என்கிறாள். அவள் சொல்வதுதான் நியாயம்.

இப்படிக்கு,
இராமலிங்கம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

என் ரேகைக்குப் பக்கத்தில் சாட்சிக்கு இடம் விட்டிருக்கிறோம். உங்களைத் தவிர, அன்று அந்தச் சமையற்கட்டில் நின்று நான் சொன்ன பொய்யைக் கேட்டவர்களில், நீங்கள் வந்தால் அந்த இடத்தில் கை வைக்க இன்னும் உயிரோடு இருப்பது பச்சையம்மாள் ஒருத்திதான்.