வீடு ஒரு நம்பரில், கிணறு ஒரு நம்பரில்

14.9.1987, திங்கள்

அரை நாள் லீவு போட்டுக் கள்ளக்குறிச்சி போனேன். நிலம் மாற்றிக்கொண்ட பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார், ஊர்த்தெருப் பொன்னுரங்கமும் போட்டார். அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. இனிமேல் பதிவு கிடையாதாம், வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் வாய்ப்பேச்சிலேயே நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் தெருவை ஒட்டிய அவர் நிலம் எங்களுக்கு, அவர் கொல்லையை ஒட்டிய எங்கள் நிலம் அவருக்கு. நாங்கள் வீடு கட்டினோம். அவர் கிணறு வெட்டினார். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது புது சர்வே முடிந்து பட்டா வந்தால், எங்கள் வீடு இருக்கிற சர்வே நம்பர் அவர் பேரில், அவர் கிணறு இருக்கிற நம்பர் அப்பா பேரில்!

வைகாசியிலிருந்து பதியுங்கள் பதியுங்கள் என்று கத்துகிறேன். பொன்னுரங்கம், "ஆடில இன்னா பத்திரம் டீச்சர், ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிற என் அப்பாவும் அவருக்காக ஆடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

17.9.1987, வியாழன்

பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊர்த்தெரு ஆட்கள் மறியல். தியாகதுருகம் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பொன்னுரங்கத்தின் ஒரே மகன் தங்கதுரை கோடாலியோடு நின்றான்.

"இன்னைக்கி ஆபீசே கெடையாது டீச்சர். வூட்டுக்குப் போங்க."

கேட்பது தப்பென்று நான் சொல்லவில்லை. நான் போகிற பஸ்ஸை மறித்துத்தான் கேட்க வேண்டுமா?

20.9.1987

இன்றும் பஸ் இல்லை. கடையில் உப்பு தவிர ஒன்றும் இல்லை.

29.9.1987, செவ்வாய்

எங்கள் தெருவுக்குப் போலீஸ் வந்தது. மரம் வெட்டியவர்கள் பேரைக் கேட்டார்கள். "கண்ணு செரியா தெரியாதுங்க" என்றார் அப்பா. ஏரிக்கரையில் மேய்கிற மாடு யாருடையது என்று வாசலிலிருந்தே சொல்கிற மனுஷன்! நானும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் தங்கதுரையைத் தேடி அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவன் அதற்கு முன்பே மலைக்கு ஓடிவிட்டான். பேர் கொடுத்தது எங்கள் தெருதான் என்று ஊரில் பேச்சு. பொன்னுரங்கம் அப்பாவைப் பார்த்தும் பேசாமல் போனாராம். எங்கள் பத்திரம் இன்னும் பத்திர எழுத்தர் அரங்கநாதனிடம் கிடக்கிறது.

11.10.1987, ஞாயிறு

பொன்னுரங்கம் இறந்துவிட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி. மகனுக்குத் தகவல் போகவில்லை. பங்காளிப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். அப்பா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சோற்றைத் தொடவில்லை.

எனக்கு முதலில் வந்த நினைப்பு பத்திரம். என்ன செய்ய, வீடு போனால் எங்கே போவோம்?

13.10.1987, செவ்வாய்

அரங்கநாதனிடம் கேட்டேன். "செத்துட்டாலும் அவர் போட்ட கையெழுத்து செல்லும்மா. ஆனா வாரிசு நேர்ல வந்து, எங்கப்பா கையெழுத்துதான்னு ஒத்துக்கணும். எழுதின தேதிலேர்ந்து நாலு மாசத்துக்குள்ள."

வாரிசு மலையில் ஒளிந்திருக்கிறான். அவனைக் காட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள் என்று நினைத்துக்கொண்டு.

6.12.1987, ஞாயிறு

இரண்டு மாதமாக விசாரித்து, இன்று வெள்ளிமலை போனேன். பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அங்கே ஒரு கொல்லையில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தான். தாடி, மெலிந்த உடம்பு. வா என்று சொல்லவில்லை.

"எம்பேரச் சொன்னது நீங்கதான டீச்சர்?"

"இல்ல தம்பி."

"நம்பச் சொல்றீங்களா?"

"நம்ப வேணாம். உங்க கெணறு எங்க நம்பர்ல இருக்குது. எங்க வூடு உங்க நம்பர்ல இருக்குது. நீங்க வந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

"ஆபீசுக்கு எதிர்க்கவே போலீஸ் ஸ்டேஷன். தெரிஞ்சிக்கினுதான் கூப்புடுறீங்களா?"

தெரிந்துதான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவேன்? கடைசித் தேதியையும், அதற்கு முந்தின திங்கட்கிழமை நாங்கள் ஆபீசுக்கு வருவதையும் சொன்னேன். அவன் குனிந்து களையை வெட்டினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. கோபத்தில்தான்.

24.12.1987

முதலமைச்சர் இறந்துவிட்டார். மறுபடியும் பஸ் இல்லை, கடை இல்லை. நாளைக்குக் கிறிஸ்துமஸ். தேதி ஓடுகிறது.

11.1.1988, திங்கள்

பொங்கலோடு நாலு மாசக் கெடு முடிகிறது, நம்பி வைத்திருந்தது இன்றைய நாளைத்தான். அவன் வர மாட்டான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டேதான் போனேன். அரங்கநாதனின் கடைப் பெஞ்சில் தங்கதுரை உட்கார்ந்திருந்தான்! முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு.

உள்ளே சப் ரிஜிஸ்திரார் பத்திரத்தை அவன் பக்கம் திருப்பி, "இது உங்க அப்பா கையெழுத்துதானா, பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் வீடு போனது.

"இன்னாய்யா, ஜனம் நிக்குது" என்றார் அவர்.

"கொஞ்சம் பொறுங்க சார், புள்ள பாக்கட்டும்" என்று அப்பா சொன்னார்.

"எங்கப்பாதுதான் சார்."

அவன் கையெழுத்துப் போட்டான், பெருவிரல் ரேகை வைத்தான், வெளியே வந்தான். மலைப்பக்கம் போகிற பஸ் நின்றிருந்தது. அதைப் பார்க்கவே இல்லை. "இதுக்கு மேல ஓட முடியல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தானாகவே எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டேஷனுக்குள் போனான்.

நல்லவன் என்று எழுத மாட்டேன். கிணறு அவனுக்கும் வேண்டும். ஆனால் கிணற்றுக்காக மட்டும் ஒருவன் அப்படிப் போவானா? தெரியவில்லை.

22.2.1988, திங்கள்

பதிவான அசல் வந்துவிட்டது. வாங்கப் போனேன். ஜாமீனில் வெளியே வந்த தங்கதுரை, ஸ்டேஷனில் கையெழுத்துப் போடக் கள்ளக்குறிச்சி வந்தவன், அரங்கநாதன் கடைக்கும் வந்தான். பத்திரத்தைப் பார்க்கக் கேட்டான். கையெழுத்து இருந்த கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தான்.

"எங்கப்பா மொகத்தக் கூட நான் பாக்கல டீச்சர். அவரு கைப்பட எழுதுனது எங்க வூட்ல வேற ஒண்ணும் இல்ல. நகலு வாங்குனா இது அப்படியே வருமா?"

"வராதுப்பா" என்றார் அரங்கநாதன். "கையெழுத்து இருக்கற எடத்துல ஒப்பம், பொன்னுரங்கம்னு ஆபீஸ்லயே எழுதித் தருவாங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் பத்திரத்தை மடித்து என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. எப்படி வாங்காமல் இருந்தேனோ, எனக்கே தெரியவில்லை. "நீங்க வச்சுக்குங்க தம்பி, நான் நகலுக்கு எழுதிக் குடுத்துக்கறேன்" என்றேன்.

மனுவைக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்தேன். கையை வீசிக்கொண்டு வந்ததைப் பார்த்து, அசல் எங்கே என்றார் அப்பா. சொன்னேன்.

"பொன்னுரங்கம் வூட்லதான இருக்குது" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.